பென் என்ற எலிக்கு இழைக்கப்பட்ட அநீதி: ‘வில்லார்ட்’ படமும் அதன் மறுஆக்கமும்

நள்ளிரவுக்காட்சி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். கிளென் மார்கன் எழுதி இயக்கி 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ‘வில்லார்ட்’ படத்தைச் சென்ற வாரம் மூன்றாம் முறையாகப் பார்த்தேன். 1971இல் டேனியல் மேன் இயக்கிய அதே பெயருள்ள படத்தின் மறுஆக்கம் இது. இரண்டுக்கும் மூலம் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஸ்டீபன் கில்பர்ட் 1968இல் எழுதிய நாவல். இந்த இழையில் முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன் என்பதால், படத்தை முதலில் பார்க்க விரும்புவோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வில்லார்ட் ஸ்டைல்ஸ் திருமணமாகாதவன். பாழடைந்துவரும் ஒரு பழைய மாளிகையில் நோயாளித் தாயுடன் வசிக்கிறான். இறந்துபோன தந்தை கூட்டாளியாக இருந்து தொடங்கிய நிறுவனத்திலேயே இன்று அவன் ஓர் எழுத்தர். நிறுவனத்தை முழுவதுமாகத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்ட மார்ட்டின், தாய் உயிரோடு இருக்கும்வரை இவனை வெளியேற்ற முடியாது என்ற ஒரே காரணத்துக்காக இவனை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் நாள்தோறும் அவமதிக்கிறார். வீட்டின் நிலவறையில் எலிகள் பெருகுகின்றன. பொறியில் சிக்கிய ஒரு வெள்ளை எலியைக் கொல்ல மனம் வராமல் வில்லார்ட் விடுவித்து, அதற்குச் சாக்ரட்டீஸ் என்று பெயர் வைக்கிறான். அதன் வழியாக மற்ற எலிகளும் அவனுக்குப் பழகுகின்றன. அவற்றுள் உருவத்தில் மிகப் பெரிய ஒன்றுக்குப் பென் என்று பெயர் அமைகிறது. அதன் பிறகு எலிகள் அவனுடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கடிக்கவும் கிழிக்கவும் கற்றுக்கொள்கின்றன. மார்ட்டினுடைய காரின் டயர்களில் தொடங்கும் பழிவாங்கல் மார்ட்டினுடைய உடலில் முடிகிறது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஒருவனின் பழிவாங்கும் கதை என்றே சொல்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது நானும் அப்படியே எண்ணினேன். மூன்றாம் முறை பார்க்கும்போது என் கண் வில்லார்டை விட்டுவிட்டுப் பென்னையே தொடர்ந்தது. சாக்ரட்டீஸுக்குக் கட்டிலில் இடம் உண்டு, தோளில் இடம் உண்டு, கொஞ்சும் பேச்சும் உண்டு. அதே அறைக்கு வந்து நிற்கும் பென்னை மட்டும் வில்லார்ட் மீண்டும் மீண்டும் நிலவறைக்கே துரத்துகிறான். ஆனால் படையை நடத்த வேண்டிய நேரம் வரும்போது அவனுக்குப் பென் வேண்டும். அறிவும் வலிமையும் உள்ள ஒன்றிடம் வேலையை வாங்கிக்கொண்டு, அன்பை அழகான இன்னொன்றுக்கு மட்டும் கொடுக்கிறான். அலுவலகத்தில் மார்ட்டின் வில்லார்டை எப்படி நடத்துகிறாரோ, வீட்டில் வில்லார்ட் பென்னை அப்படியே நடத்துகிறான். மறுஆக்கத்தின் உண்மையான திகில் இங்கேதான் இருக்கிறது என்றும், இந்த ஒரு காரணத்தால் அது மூலப்படத்தைவிடக் கூர்மையானது என்றும் நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

பழம்படப்பிரியன்

நண்பர் நள்ளிரவுக்காட்சி அவர்களே, பென்னைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அது மறுஆக்கத்தின் கண்டுபிடிப்பு அன்று. 1971 படத்திலும் சாக்ரட்டீஸ் வெள்ளை, பென் கறுப்பு. அங்கும் படுக்கையறைக் கதவு பென்னுக்கு மூடப்படுகிறது. மூலத்தில் இருந்ததை மறுஆக்கம் அழுத்திக் காட்டியது என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

எனக்கு மறுஆக்கத்தின்மேல் உள்ள குறை வேறு. 1971இல் வில்லார்டாக நடித்த புரூஸ் டேவிசனைப் பாருங்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், கூச்சமுள்ள, சிரித்தால் பிடித்துப்போகும் சாதாரண இளைஞன். நம் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஒருவனைப் போல இருக்கிறான். அவன் மெல்ல மெல்லக் கெட்டுப்போவதுதான் அந்தப் படம். பிறந்தநாள் விருந்துக்கு அவனுடைய வயதில் ஒருவர்கூட இல்லை, தாயின் வயதான தோழிகள் மட்டுமே வந்திருக்கிறார்கள் என்ற அந்த ஒரு காட்சியே அவன் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது. தாயாக எல்சா லான்செஸ்டர், முதலாளியாக எர்னஸ்ட் போர்க்னைன் என்று ஒவ்வொருவரும் நம்பக்கூடிய மனிதர்களாக இருக்கிறார்கள். போர்க்னைன் 1955ஆம் ஆண்டின் ‘மார்ட்டி’ படத்தில் தனிமையில் வாடும் கசாப்புக்கடைக்காரராக நடித்து ஆஸ்கர் பெற்றவர் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், தனிமையை அவ்வளவு அறிந்த ஒரு நடிகர் இங்கே இன்னொரு தனியனை நசுக்குவது மனத்தை மேலும் உறுத்துகிறது.

2003 படத்தின் கிறிஸ்பின் குளோவர் முதல் காட்சியிலேயே விளிம்பைத் தாண்டிவிட்ட மனிதராக வருகிறார். வெளிறிய முகம், ஒட்ட வாரிய முடி, பழைய சூட், உடைந்த குரல். இவன் எலிகளோடு பழகுவான் என்று முதல் ஐந்து நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே கவிழ்ந்துவிட்ட படகு மூழ்குவதைப் பார்த்து நாம் எப்படிப் பதறுவோம்?

---

மாடிப்படி

2003 படத்தை மட்டும் பார்த்தவன் நான். வில்லார்ட் வீட்டின் சுவரில் தந்தையின் உருவப்படமாகத் தொங்குவது புரூஸ் டேவிசனின் முகமே என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பழைய வில்லார்ட் இந்த வில்லார்டுக்குத் தந்தையாகிவிட்டார். மறுஆக்கம் ஒன்று தன் மூலத்துக்கு இதைவிடப் பணிவாக வணக்கம் செலுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

---

உயிரியல் ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள். திகில் படங்களை அதிகம் பார்ப்பதில்லை. எலிகளுக்காகவே இந்தப் படத்தைப் பார்த்தேன். தமிழில் பென்னைப் பெருச்சாளி என்று சொல்லத் தோன்றும். உணர்வுக்கு அது பொருந்தும். ஆனால் உயிரினம் வேறு. மறுஆக்கத்தில் பென்னாக வருவது காம்பியப் பை எலி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, கன்னங்களில் உணவை அடக்கி எடுத்துச்செல்லும் பைகள் இருப்பதால் அந்தப் பெயர். வளர்ந்த எலி ஒரு கிலோவுக்கு மேல் எடையிருக்கும். எலி என்று அழைத்தாலும், நம் வீட்டெலியும் பெருச்சாளியும் அடங்கும் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆகவே மறுஆக்கத்தின் இயக்குநர் பென்னுக்கு இந்த உயிரினத்தைத் தேர்ந்தெடுத்ததன் மூலம், கூட்டத்துக்குள்ளேயே பென் ஒரு அந்நியன் என்று ஆக்கிவிட்டார். மனிதர்களிடையே ஒட்டாத வில்லார்டைப் போல, எலிகளிடையே ஒட்டாத எலி பென். நள்ளிரவுக்காட்சி அவர்களின் வாதத்துக்கு இது வலுச்சேர்க்கும் என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இதே இனத்து எலிகளைத்தான் தான்சானியாவில் அபோபோ என்ற தொண்டு நிறுவனம் கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கப் பயிற்றுவிக்கிறது. கம்போடியாவில் பணியாற்றிய மகாவா என்ற எலி 39 கண்ணிவெடிகளையும் வெடிக்காத 28 வெடிபொருள்களையும் கண்டுபிடித்ததற்காக 2020இல் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ என்ற விலங்கு நல அமைப்பின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. வெடி இருக்கும் இடத்தில் மண்ணைக் கீறிக்காட்டினால் உடனே ஒரு துண்டு வாழைப்பழமோ வேர்க்கடலையோ கிடைக்கும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் அடிப்படை. உழைத்த எலிக்கு உரிய பங்கு கொடுக்கப்படுகிறது. வில்லார்ட் பென்னுக்குக் கொடுக்க மறுத்தது அந்தப் பங்கைத்தான்.

படம் வெளிவந்த அதே 2003ஆம் ஆண்டின் கோடையில் இந்த எலிக்கு அமெரிக்காவில் வேறொரு வகையில் கெட்ட பெயர் வந்தது. செல்லப்பிராணி வணிகத்துக்காகக் கானாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட விலங்குகளில் காம்பியப் பை எலிகளும் இருந்தன. அவற்றுடன் வைக்கப்பட்டிருந்த புல்வெளி நாய்கள் என்னும் கொறித்துண்ணிகளுக்குக் குரங்கு அம்மை தொற்றி, அவற்றை வாங்கியவர்களுக்கும் பரவியது. ஆறு மாநிலங்களில் 47 பேர் பாதிக்கப்பட்டனர். அதன் பின் ஆப்பிரிக்கக் கொறித்துண்ணிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. படத்துக்கும் இந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு இதே உயிரினத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த ஒருவர், திரையில் தோன்றிய அச்சத்தை உண்மையான விலங்கின்மேல் சுமத்தியிருப்பார் என்பதே என் கவலை.

---

பழம்படப்பிரியன்

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. ஒரு ஐயம். 1971 படத்தின் இறுதியில் வில்லார்ட் வைக்கும் நஞ்சைப் பென் மோப்பம் பிடித்துத் தெரிந்துகொண்டு மற்ற எலிகளை எச்சரிக்கிறது. இது கதைக்காகச் செய்யப்பட்ட கற்பனையா?

---

உயிரியல் ஆசிரியை

முழுக் கற்பனை என்று சொல்லமாட்டேன். எலியால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே சென்றதை வெளியேற்ற வழி இல்லாததால், புதிய உணவைக் கண்டால் அது மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கும். சிறிதளவே தின்று பார்க்கும். தின்றபின் உடல்நலம் கெட்டால் அந்தச் சுவையை மறக்காது. வேகமாகக் கொல்லும் நஞ்சுகள் எலிகளிடம் பலிக்காமல் போனதற்கும், சில நாள்கள் கழித்தே வேலைசெய்யும் நஞ்சுகள் உருவாக்கப்பட்டதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு எலியின் மூச்சில் உள்ள உணவின் மணத்தைக் கொண்டு எது தின்னத் தக்கது என்றும் எலிகள் கற்றுக்கொள்கின்றன. ஆனால் கூவி அழைத்துக் கூட்டத்தையே எச்சரிப்பது திரைக்கதையின் மிகை.

தன் இனத்தின்மேல் எலிக்கு அக்கறை உண்டு என்பதைப் பொறுத்தவரை, 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையை வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஓர் எலி ஒரு குழாய்க்குள் அடைக்கப்பட்டது. வெளியே இருந்த எலி கதவைத் திறக்கும் வழியைத் தானாகவே கண்டுபிடித்து அதை விடுவித்தது. அருகில் இன்னொரு குழாயில் சாக்லேட் வைத்தபோதும் பெரும்பாலான எலிகள் இரண்டு கதவுகளையும் திறந்தன. பல நேரங்களில் விடுபட்ட எலிக்கும் சாக்லேட்டில் பங்கு கிடைத்தது.

---

கீழ்வீட்டுக்காரி

இந்த இழையை இரண்டு நாள்களாகப் படித்துவருகிறேன். எல்லோரும் எலிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் படத்தில் தாங்க முடியாமல் போனது தாயும் மகனும் வரும் காட்சிகள்.

படுத்த படுக்கையாக இருந்த என் தாயை ஒன்பது ஆண்டுகள் நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டேன். அப்போது ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்தேன். தாமதமாக வந்தால் எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்பார்கள். இரவில் மூன்று முறை எழுந்து உடை மாற்றியதைக் காரணமாக அங்கே எப்படிச் சொல்வது? ஜாக்கி பரோஸ் நடித்த அந்தத் தாய் மாடியிலிருந்து மகனின் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒவ்வொரு முறையும் என் உடல் தன்னையறியாமல் எழுந்து நிற்கப் பார்த்தது. அந்தத் தாய் கெட்டவள் அல்லள். மகனைப் பற்றிய கவலையை வசையாக அல்லாமல் வேறு எப்படியும் சொல்லத் தெரியாதவள். அவனுடைய பெயர்கூட உறுதியற்றது, அதனால்தான் அவன் இப்படி ஆகிவிட்டான் என்று அவள் சொல்லும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, சிறிது நேரம் கழித்தே தொடர்ந்தேன்.

பழம்படப்பிரியன் ஐயா அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். குளோவர் தொடக்கத்திலேயே உடைந்தவராக வருகிறார் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். ஒருவர் உடையும் காலத்தை யாரும் பார்ப்பதில்லை, ஐயா. பக்கத்து மேசையில் இருப்பவர்கள் பார்க்கும்போது அவர் ஏற்கெனவே உடைந்தவராகவே இருக்கிறார். அவர்களுக்கு அவர் பிறவியிலேயே அப்படித்தான். நல்ல முகமும் சிரிப்பும் உள்ள டேவிசனுக்காக எவரும் இரங்குவார்கள். பார்த்தவுடன் முகம் சுளிக்க வைக்கும் ஒருவனுக்காக இரங்கச் சொல்வது கடினமான வேலை. மறுஆக்கம் அந்தக் கடினமான வேலையை எடுத்துக்கொண்டது.

---

பழம்படப்பிரியன்

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் உடனே பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னது சரி. நான் டேவிசனுக்காக இரங்கியதில் அவருடைய முகத்துக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாக்ரட்டீஸைக் கொஞ்சி, பென்னைத் துரத்திய வில்லார்டின் கண்ணும் அதே கண்தான்.

---

பின்னணி இசை

படத்தின் இசையைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசாததால் எழுதுகிறேன். மறுஆக்கத்துக்கு இசையமைத்தவர் ஷெர்லி வாக்கர். 1990களில் தொலைக்காட்சியில் வந்த ‘பேட்மேன்’ அசைபடத் தொடரின் இசையால் அறியப்பட்டவர்; ஹாலிவுட்டின் பெரிய படங்களுக்கு முழுப் பொறுப்போடு இசையமைக்கப் பெண்களுக்கு வாய்ப்பே இல்லாதிருந்த காலத்தில் அந்தக் கதவைத் திறந்தவர்களில் ஒருவர். 2006இல் காலமானார். இந்தப் படத்துக்கு அவர் அக்கார்டியன்களை ஒரு குழுவாகவே இசைக்குழுவில் சேர்த்தார். மடிப்புகளில் காற்று ஏறி இறங்கும் அந்தக் கருவியின் ஒலி, பல சிறிய உயிர்கள் ஒன்றாக மூச்சுவிடுவது போல எனக்குக் கேட்கிறது. திகில் படம் என்றவுடன் வயலின்களைக் கீச்சிட வைக்கும் வழக்கத்தை அவர் முதன்மையாக நம்பவில்லை. எலிகள் படையெடுக்கும் காட்சியில்கூட அந்த இசையில் ஒரு திருவிழாவின் துள்ளல் இருக்கிறது. வில்லார்டின் காதுக்கு அந்த ஓசை மகிழ்ச்சியாகத்தான் கேட்டிருக்கும்.

அடுத்து, ‘பென்’ என்ற பாடல். 1971 படம் பெரும் வசூல் ஈட்டியதால், மறு ஆண்டே பில் கார்ல்சன் இயக்கத்தில் ‘பென்’ என்ற தொடர்ச்சி வந்தது. அதற்காக வால்டர் ஷார்ப் இசையமைத்து, டான் பிளாக் எழுதிய பாடலை 13 வயது மைக்கேல் ஜாக்சன் பாடினார். 1972 அக்டோபரில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த அப்பாடல், தனிப் பாடகராக அவருடைய முதல் முதலிடம். கோல்டன் குளோப் விருதும் பெற்றது, ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. படத்தை அறியாமல் பாடலை மட்டும் கேட்டவர்களில் பலர் அது ஓர் எலியை நோக்கிப் பாடப்பட்டது என்று நம்பவே மாட்டார்கள்.

மறுஆக்கத்தில் இந்தப் பாடல் வரும் இடம் எனக்கு உடன்பாடில்லை. புதிதாக வேலைக்கு வந்த கேத்ரின், தனித்திருக்கும் வில்லார்டுக்குத் துணையாக ஒரு பூனையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். எலிகள் நிறைந்த வீட்டுக்குள் பூனை. அது வீடு முழுவதும் துரத்தப்பட்டுச் சாகும் காட்சியில் ஜாக்சனின் குரல் ஒலிக்கிறது. ஒரு சிறுவன் முழு மனத்தோடு பாடிய நட்பின் பாடலைக் கொலைக்குப் பின்னணியாக வைத்தது அந்தப் பாடலை அவமதிப்பதாகும். படம் முழுவதும் தன் மனிதர்களை மதித்த இயக்குநர் இந்த ஒரு காட்சியில் பார்வையாளரைச் சிரிக்கவைக்க ஆசைப்பட்டுவிட்டார்.

---

நள்ளிரவுக்காட்சி

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தேன்.

பூனைக் காட்சியைப் பொறுத்தவரை எனக்கும் முதலில் உங்களைப் போன்ற வருத்தமே இருந்தது. ஆனால் பாடலை யாருடைய பக்கத்திலிருந்து கேட்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் பென்னை யாரும் நண்பன் என்று அழைத்ததில்லை. அவ்வளவு கனிவான பாடல் ஒன்று அந்த எலியின் பெயரைச் சொல்லி ஒலிக்கும்போது, அதற்குக் கிடைக்காமல் போனது எது என்பது நமக்குக் கேட்கிறது. கேத்ரின் பூனையைத் தந்தது அன்பினால். அந்த அன்பு அந்த வீட்டுக்குள் நுழைந்தவுடன் இரையாகிவிடுகிறது. இயக்குநர் சிரிப்பையும் எதிர்பார்த்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. படத்தின் இறுதியில் எழுத்துகள் ஓடும்போது அதே பாடலைக் குளோவர் தம்முடைய நடுங்கும் குரலில் பாடுகிறார். அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறை உணர்ந்த ஒருவன் காலம் கடந்து கேட்கும் மன்னிப்பாகவே அதைக் கேட்டேன்.

குளோவரைப் பற்றி இன்னும் ஒன்று. 1985இல் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் கதாநாயகனின் தந்தை ஜார்ஜ் மெக்ஃபிளையாக வந்தவர் இவர். அதுவும் மேலதிகாரியால் மிரட்டப்பட்டுக் கூனிக்குறுகும் மனிதனின் வேடம்தான். அந்தப் படம் அவனுக்கு ஒரு குத்துவிடும் வாய்ப்பைக் கொடுத்து, அவன் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. வில்லார்டுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரவில்லை. மேலும், ‘வில்லார்ட்’ படத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, எலி பிடிப்பதைப் பற்றிய 19ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றை எடுத்து, வரிகளை மாற்றியும் அடித்தும் படங்களைச் சேர்த்தும் ‘ராட் கேட்சிங்’ என்ற பெயரில் குளோவர் தாமே ஒரு நூலை வெளியிட்டிருந்தார். இந்த வேடம் அவரைத் தேடி வந்ததா, அவர் இதற்காகக் காத்திருந்தாரா என்றே கேட்கத் தோன்றுகிறது.

எதிரில் மார்ட்டினாக நின்ற ஆர். லீ எர்மியையும் மறக்கக் கூடாது. உண்மையிலேயே அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பயிற்சி அதிகாரியாக இருந்து, 1987இல் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ படத்தில் அதே வேடத்தில் நடித்துப் புகழ்பெற்றவர். கத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் குரலுக்கு முன்னால் குளோவர் சுருங்கும் காட்சிகளில், அவருடைய தோள்கள் மட்டுமே நடிக்கின்றன.

---

மாடிப்படி

இவ்வளவு இருந்தும் படம் ஏன் ஓடவில்லை?

---

நள்ளிரவுக்காட்சி

சுமார் 2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் 1 கோடி டாலரைக்கூட ஈட்டவில்லை. என் கணிப்பு இதுதான். எலிகள் மனிதர்களைத் தின்னும் படம் என்று நம்பிப் போனவர்களுக்கு அதில் இரத்தம் போதவில்லை. பெரும்பகுதி நேரம் ஒரு மனிதன் எலியோடு பேசிக்கொண்டிருப்பதைக் காட்டும் படம் அது. அத்தகைய படத்தை விரும்பக்கூடியவர்களோ, எலிப் படம் என்று கேட்டவுடனேயே ஒதுங்கிவிட்டார்கள். குளோவரின் நடிப்பை மட்டும் அன்றைய விமர்சகர்களில் பலர் பாராட்டினார்கள்.

---

பழம்படப்பிரியன்

கீழ்வீட்டுக்காரி அம்மாவின் பதிவுக்குப் பிறகு, நேற்றிரவு 1971 படத்தை மீண்டும் போட்டுப் பார்த்தேன். நள்ளிரவுக்காட்சி அவர்களின் வாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததில், இத்தனை ஆண்டுகளாக என் கண்ணில் படாத ஓர் ஒழுங்கு தெரிந்தது.

படத்தின் தொடக்கத்தில், தோட்டத்து எலிகளை ஒழித்துவிடுமாறு தாய் சொல்கிறாள். வில்லார்ட் எலிகளை உணவால் ஈர்த்து, அவை வந்து சேர்ந்தவுடன் சுற்றிலும் தண்ணீரை ஏற்றுகிறான். எலிகள் கத்துகின்றன. அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அவை தப்பிவர வழிசெய்கிறான். அவர்களுடைய நட்பே அந்தப் பலகையில்தான் தொடங்குகிறது.

பிறகு மார்ட்டின் அலுவலகத்தில் சாக்ரட்டீஸை அடித்துக் கொல்கிறார். வில்லார்ட் எலிகளைக் கொண்டுசென்று மார்ட்டினைப் பழிவாங்குகிறான். காரியம் முடிந்ததும் பென்னை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவருகிறான். மறுநாள் மற்ற எலிகளைக் கூண்டுகளில் அடைத்துத் தண்ணீரில் அமிழ்த்துகிறான். இம்முறை பலகை இல்லை. அவன் கைகள் நடுங்கவும் இல்லை. வீட்டைக் கழுவித் துடைத்து, தான் விரும்பும் ஜோனை விருந்துக்கு அழைத்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, நிமிர்ந்து பார்க்கிறான். மேலே பென் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் அந்தக் காட்சியில் நான் திடுக்கிடுவேன். நேற்று எனக்கு அந்த எலியின்மேல் இரக்கம் வந்தது. அந்தக் கூட்டத்தில் பிழைத்து, தான் கைவிடப்பட்ட இடத்திலிருந்து வழி தேடி வந்தது அது. மறுஆக்கம் இந்தக் கோணத்தை அழுத்திக் காட்டியிராவிட்டால், மூலத்தில் இருந்ததை நான் பார்க்காமலேயே போயிருப்பேன். ஆகவே என் முதல் பதிவின் கடுமையைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் 1971 படமே என் படம்.

---

கீழ்வீட்டுக்காரி

ஐயா, மிக்க மகிழ்ச்சி. நான் மறுஆக்கத்தின் முடிவைப் பற்றிக் கேட்க வேண்டும். 1971இல் வில்லார்ட் எலிகளுக்கு இரையாகிறான். 2003இல் பிழைத்து, மனநல மருத்துவமனையில் வாய்திறக்காமல் கிடக்கிறான். அங்கே ஒரு வெள்ளை எலி வருகிறது. அதைக் கண்டவுடன் அவன் முகம் மாறி, மெல்லிய குரலில் பேசத் தொடங்குகிறான். என் தோழி இதை நம்பிக்கை தரும் முடிவு என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

---

நள்ளிரவுக்காட்சி

எனக்கும் தோன்றவில்லை, சகோதரி. அந்த அறைக்கு வரும் எலி ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதே கேள்வி. இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு முன்னால் வைக்கப்படும் துணை சாக்ரட்டீஸின் சாயல்தான். எலிகளிடையே தனக்கு உண்மையில் நிகரானது எது, தன்னைப் போலவே புறக்கணிக்கப்பட்டது எது என்பதை அவன் அறிந்ததாக அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. நாவலில் கதைசொல்லிக்குப் பெயரே கிடையாது. அவனுடைய குறிப்பேட்டின் வழியாகவே எல்லாவற்றையும் படிக்கிறோம். தன் பக்கத்து நியாயத்தை மட்டும் எழுதிக்கொண்டே போகிற அந்த மனிதனை, மருத்துவமனைக் கட்டிலில் முணுமுணுக்கும் குளோவரிடம் நான் மீண்டும் கண்டேன்.

---

பின்னணி இசை

உங்கள் விளக்கத்துக்குப் பிறகு பூனைக் காட்சியை மறுபடியும் பார்த்தேன். பாடலின் இடம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. இறுதியில் குளோவர் பாடுவதைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் முழுமையாக ஏற்கிறேன்.

---

பழம்படப்பிரியன்

கடைசியாக ஒரு செய்தி. 1972ஆம் ஆண்டின் ‘பென்’ படத்தையும் இன்று பார்த்து முடித்தேன். படமாக அது மிகச் சுமாரானது. காவலர்கள் எலிகளைத் தேடி அலையும் காட்சிகள் நீண்டுகொண்டே போகின்றன. ஆனால் இதய நோயுள்ள, நண்பர்கள் இல்லாத டேனி என்ற சிறுவனிடம் பென் வந்து சேர்கிறது. அவன் அதனுடன் பேசுகிறான். அதற்காகப் பொம்மலாட்டம் நடத்துகிறான். தானே ஒரு பாடலைக் கட்டிப் பாடுகிறான். எந்த வேலையையும் அதனிடம் கேட்பதில்லை. இறுதியில் சாக்கடைக் குழாய்களில் தீ வைத்து எலிக் கூட்டத்தையே அழித்துவிடுகிறார்கள். பென் இறந்துவிட்டது என்று எண்ணிச் சிறுவன் அழுதுகொண்டிருக்கும்போது, உடலெல்லாம் காயத்தோடு அது அவனிடம் வந்து சேர்கிறது. டேனி கண்களைத் துடைத்துக்கொண்டு, அதைப் பக்கத்தில் கிடத்தி, ஒவ்வொரு காயத்துக்கும் மருந்து போடத் தொடங்குகிறான்.